லைன் எடுக்காத கைத்தொலைபேசி: குறை போனிலா, கோபுரத்திலா?

கைத்தொலைபேசிக் கடைக்குள் நுழையும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேமரா எப்படி? பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? மாதத் தவணைக்குக் கிடைக்குமா? தொலைபேசி என்பது பேசுவதற்கான கருவி. ஆனால் "இது லைன் நன்றாக எடுக்குமா?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. அப்படியே கேட்டாலும் கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எல்லா போனும் ஒன்றுதான் அண்ணே, லைன் கம்பெனியைப் பொறுத்தது." இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் வம்பே தொடங்குகிறது.

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். அப்பா அங்கே காவலாளி, அம்மா வீட்டில். மகன் ஷா ஆலமில் வேலை செய்கிறார். பல ஆண்டுகளாக அம்மாவிடம் இருந்தது பொத்தான் வைத்த சின்ன போன். தீபாவளிக்கு வந்த மகன், ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து அழகான புது போன் ஒன்றை வாங்கி வந்தார். பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசலாமே என்ற ஆசை. கூடவே, பின்னால் இரும்பு வளையம் வைத்த தடித்த உறை ஒன்றையும் மாட்டிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் அம்மா சொன்னது இதுதான்: "தம்பி, போன் ரொம்ப அழகா இருக்குய்யா. பேசத்தான் முடியலை."

மகன் அழைத்தால் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்று பதில் வரும். அம்மா அழைக்க வேண்டுமென்றால் தோட்டத்துக் கோயில் படிக்கட்டு வரை நடக்க வேண்டும். அங்கேதான் லைன். ஓர் இரவு பதினொரு மணிக்கு அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. காடி வைத்திருக்கும் உறவினரை அழைக்க அம்மா இருட்டில் கோயில் படி வரை ஓடினார். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் மகனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. மலிவான பழைய போன் எடுத்த லைனை, விலை உயர்ந்த புது போன் ஏன் எடுக்கவில்லை?

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. கைத்தொலைபேசி பற்றிய பேச்சு எழும் இடமெல்லாம், "புது போன் வாங்கியும் லைன் இல்லை" என்ற புலம்பல் கேட்காமல் இருப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பல காரணங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

3ஜி போனது, குரல் எங்கே போனது?

மலேசியாவில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. அந்த அலைவரிசைகளை 4ஜிக்குத் திருப்பிவிட்டார்கள். இணைய வேகத்துக்கு இது நல்லதுதான். ஆனால் 4ஜி என்பது அடிப்படையில் தகவல்களைக் கொண்டு செல்ல அமைக்கப்பட்ட வலை. பழைய முறையில் பேசும் குரலுக்கு அதில் தனி வழி கிடையாது. 4ஜி வழியாகவே குரலையும் அனுப்ப 'வோல்டி' என்ற வசதி தேவை. போனில் அந்த வசதி இருக்க வேண்டும்; நீங்கள் பயன்படுத்தும் நிறுவனத்தின் வலையும் அந்தப் போன் மாதிரியை அனுமதித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், அழைப்பு வரும்போது போன் 4ஜியை விட்டுவிட்டு 2ஜிக்கு இறங்கி ஓட வேண்டும். இந்த மாற்றத்துக்குச் சில விநாடிகள் பிடிக்கும். சிக்னல் நன்றாக இருக்கும் ஊரில் அது தெரியாது. தோட்டப்புறத்தில், 4ஜியும் மெல்லியதாக, 2ஜியும் மெல்லியதாக இருக்கும் இடத்தில், இறங்கும் வழியிலேயே அழைப்பு அறுந்துவிடும்.

அம்மாவின் பழைய போனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது 2ஜி மட்டுமே தெரிந்த போன். எப்போதும் 2ஜியிலேயே உட்கார்ந்திருந்தது. புது போனோ கடையில் 'ஏ.பி. செட்' என்று விற்கப்பட்டது. வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்டு, அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வராமல், பக்கவாட்டு வழியில் வந்தது. விலையில் இருநூறு முந்நூறு வெள்ளி குறைவு. அந்தப் போனில் வோல்டி இருந்தது. ஆனால் அம்மா பயன்படுத்திய நிறுவனத்தின் வலையில் அது இயங்கவில்லை.

உங்கள் போனில் இது இயங்குகிறதா என்று தெரிந்துகொள்ள யாரிடமும் போக வேண்டியதில்லை. யாரையாவது அழையுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல் மூலையைப் பாருங்கள். 4ஜி அல்லது வோல்டி அடையாளம் அப்படியே நின்றால் நல்லது. அது மறைந்து 'இ' அல்லது 'ஜி' என்ற ஒற்றை எழுத்து வந்தால், உங்கள் குரல் 2ஜியில்தான் போகிறது. சில போன்களில் அமைப்புப் பகுதிக்குள் வோல்டி பொத்தான் அணைந்து கிடக்கும். அதைத் திறந்துவிட்டாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கறாரான விஷயம். அங்கே 2ஜி 2017-ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே மூடப்பட்டது. 3ஜியும் 2024-ஆம் ஆண்டு மூடப்பட்டது. இறங்கி ஓட அங்கே கீழே தளமே இல்லை. வோல்டி இயங்காத போனை வைத்துக்கொண்டு படம் பார்க்கலாம், சாதாரண அழைப்பு எடுக்க முடியாது. ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடக்கும் தொழிலாளர்கள் மலிவு போன் வாங்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கோடுகளை நம்பலாமா?

திரையின் மூலையில் ஏறுவரிசையில் நிற்கும் நான்கைந்து கோடுகளைப் பார்த்துத்தான் எல்லாரும் சிக்னலை அளக்கிறோம். இந்தப் போனில் நான்கு கோடு, அந்தப் போனில் இரண்டு கோடு, ஆகவே இதுதான் நல்ல போன் என்று முடிவு கட்டுகிறோம். இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு காட்ட வேண்டும் என்று உலகளாவிய விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் தாராளமாகக் கோடு போடுவார், இன்னொருவர் கஞ்சத்தனம் செய்வார்.

2010-ஆம் ஆண்டு இது உலகத்துக்கே வெளிச்சமானது. ஐபோன் 4 வெளிவந்த சில நாட்களில், கீழ் இடப்பக்க மூலையைக் கை மூடும்படி பிடித்தால் சிக்னல் சரிகிறது என்று புகார்கள் குவிந்தன. போனைச் சுற்றியிருந்த உலோகப் பட்டையே அதன் ஆன்டெனா. விரல் இடைவெளியில் பட்டதும் அதன் திறன் குறைந்தது. ஆப்பிள் நிறுவனம் ஜூலை மாதம் வெளியிட்ட கடிதத்தில் இன்னொரு விஷயத்தையும் ஒப்புக்கொண்டது: கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு, பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டிவந்தோம் என்றது. பிறகு வாங்கியவர்களுக்கு இலவச உறை கொடுத்துச் சமாளித்தார்கள்.

அப்படியானால் உண்மையை எப்படி அறிவது? ஒவ்வொரு போனுக்குள்ளும் சிக்னலை எண்ணாகச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால், 'டி.பி.எம்.' என்ற அளவில் ஓர் எண் தெரியும். ஐபோனில் அழைக்கும் பலகையில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் சோதனைப் பக்கம் திறக்கும். அந்த எண் எப்போதும் கழித்தல் குறியோடுதான் இருக்கும். ஆகவே எண் சிறியதாக இருந்தால்தான் சிக்னல் வலிமை அதிகம். 4ஜியில் கழித்தல் 80-க்கு அருகில் இருந்தால் மிக நன்று. கழித்தல் 100 என்றால் சமாளிக்கலாம். கழித்தல் 110-ஐத் தாண்டினால் தடுமாற்றம். 120-ஐ நெருங்கினால் கோயில் படிக்கட்டுதான் கதி.

இந்த எண்ணைப் படிக்கும்போது ஒரு சூட்சுமத்தை மனத்தில் வைக்க வேண்டும். 95-க்கும் 105-க்கும் வித்தியாசம் பத்துதானே என்று எண்ணிவிடக் கூடாது. இந்த அளவுகோலில் பத்துப் புள்ளி குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. மூன்று புள்ளி குறைந்தாலே பாதி போய்விடும். ஆகவே உறையைக் கழற்றியதும் நான்கு புள்ளி ஏறினால், அது சிறிய லாபம் அல்ல.

நாம் கேட்பது வேறு, நம்மைக் கேட்பது வேறு

சிக்னல் என்றதும் கோபுரத்திலிருந்து போனுக்கு வருவதை மட்டுமே நினைக்கிறோம். பேச்சு இரண்டு வழிப் பாதை. கோபுரம் உயரத்தில் நின்று பெரும் சக்தியோடு பேசுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சட்டைப் பையில் கிடக்கும் சின்னக் கருவி. திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் பேசுபவரின் குரல் கடைசி ஆள்வரை கேட்கும். கடைசி ஆள் கத்துவது மேடைக்குக் கேட்காது. அதுபோலத்தான் இங்கும். திரையில் இரண்டு கோடு இருக்கும், அழைப்பு மட்டும் போகாது. "நான் பேசுவது கேட்கிறதா, கேட்கிறதா?" என்று நாம் கத்திக்கொண்டிருப்போம். கோடுகள் காட்டுவது நம் காதின் கூர்மையை மட்டுமே; தொண்டையின் வலிமையை எந்தப் போனும் திரையில் காட்டுவதில்லை.

பழைய போன்களைப் பற்றி முதியவர்கள் சொல்லும் பெருமைக்கு இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய 2ஜி போன்கள் உச்ச நேரத்தில் 2 வாட் சக்தி வரை வெளியிட அனுமதிக்கப்பட்டவை. இன்றைய சாதாரண 4ஜி போனின் உச்ச சக்தி 0.2 வாட். புதிய முறை குறைந்த சக்தியிலேயே சாமர்த்தியமாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனாலும் கோபுரத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, செம்பனை ஓலைகளுக்கு நடுவே நின்று அழைப்பவருக்குப் பழைய போனின் தொண்டை கை கொடுத்தது. பேட்டரி ஏன் மதியத்துக்குள் காலியாகிறது என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை. கோபுரம் தொலைவில் இருந்தால் போன் ஓயாமல் உச்சக் குரலில் கத்துகிறது.

அலைவரிசை என்னும் ரகசியம்

மலேசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1985-ஆம் ஆண்டு 'ஆத்தூர் 450' என்ற பெயரில் வந்தது. காடியில் பொருத்தும் கனத்த பெட்டிகள் அவை. 450 என்பது அலைவரிசை. எண் குறைவாக இருந்தால் அலை நீளம். நீண்ட அலை தொலைவு போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். எண் கூடினால் அதிகத் தகவலைச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். இந்த ஒரு விதி தெரிந்தால் போன் விளம்பரங்களில் பாதியைப் புரிந்துகொள்ளலாம்.

மலேசியாவில் 4ஜி முக்கியமாக 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. போன் பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரப் பட்டியலிலோ இவை பேண்ட் 8, பேண்ட் 3, பேண்ட் 1, பேண்ட் 7 என்று எழுதப்பட்டிருக்கும். நகரத்தில் இருப்பவருக்கு எல்லாமே கிடைக்கும். தோட்டத்திலும் கம்பத்திலும் இருப்பவருக்கு உயிர்நாடி பேண்ட் 8, அதாவது 900. ஏ.பி. செட் வாங்குகிறவர் இந்த எண்களைப் பார்க்காமல் வாங்குவது, அளவு பார்க்காமல் காலணி வாங்குவதற்குச் சமம். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே பெட்டி. ஆனால் எந்த நாட்டுக்குத் தயாரானது என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் பேண்டுகள் மாறும். போனின் முழு மாதிரி எண்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் போனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14-இல் சிம் அட்டை செருகும் இடமே இல்லை என்பதை 2022-இல் பலர் வாங்கிவந்த பிறகுதான் கண்டார்கள்.

5ஜி மலேசியாவில் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா பகுதிகளில் தொடங்கியது. 700 மெகாஹெர்ட்ஸும் 3500 மெகாஹெர்ட்ஸும் இதற்கு ஒதுக்கப்பட்டன. விவரப் பட்டியலில் என்28, என்78 என்று தேடினால் கிடைக்கும். தாமான் வீட்டில் படம் இறக்க 3500 போதும். கொஞ்சம் தள்ளி இருப்பவருக்கு 700 முக்கியம். இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. மெல்லிய 5ஜி சிக்னலைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும் போன், பக்கத்தில் இருக்கும் நல்ல 4ஜியைக் கவனிப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அமைப்புக்குள் போய் 5ஜியை அணைத்துவிட்டு 4ஜியில் நிறுத்தினால் லைன் சீராகும். காசு கொடுத்து வாங்கிய 5ஜியை அணைக்கச் சொன்னால் கோபம் வரலாம். அழைப்பு அறுந்தால் வரும் கோபம் அதைவிடப் பெரியது.

ஆன்டெனாவும் உள்ளங்கையும்

அதிகாரப்பூர்வ இறக்குமதி, வோல்டி, பேண்டுகள் எல்லாம் சரியாக இருக்கும் இரண்டு போன்களுக்கு நடுவிலும் சிக்னலில் வித்தியாசம் இருக்கும். கடைக்காரர் சொல்லும் 'எல்லாம் ஒன்றுதான்' பொய்யாவது இங்கேதான். ஒரு காலத்தில் போனின் தலையில் கொம்பு போல ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது உள்ளே போனது. இன்று ஒரே போனுக்குள் 2ஜி, 4ஜி, 5ஜி, வைஃபை, புளூடூத், ஜி.பி.எஸ். என்று பல ஆன்டெனாக்கள் ஓரங்களில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. திரை பெரிதாகப் பெரிதாக, ஆன்டெனாவுக்கு இடம் குறைகிறது. அழகுக்கு முன்னுரிமை கொடுத்த போனில் ஆன்டெனாதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கெர்ட் பெடர்சன், சந்தையில் விற்ற போன்களை எடுத்து, மனிதத் தலையும் கையும் போன்ற மாதிரிகளில் பொருத்திச் சோதித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார். போனுக்குப் போன் கணிசமான வேறுபாடு இருந்தது. விலைக்கும் சிக்னல் திறனுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதும் தெரிந்தது. அதைவிட வியப்பு, சில போன்களில் வலக் கையிலிருந்து இடக் கைக்கு மாற்றிப் பிடித்தாலே திறன் பெருமளவு மாறியது. நம் உடம்பு பெரும்பாலும் நீர். நீர் இந்த அலைகளை உறிஞ்சிவிடும். கையும் தலையும் சேர்ந்து ஆன்டெனாவை மூடினால் சிக்னல் எங்கே போகும்?

அழைப்பு அறுகிறதா, கையை மாற்றிப் பாருங்கள். கீழ் ஓரத்தை மூடாமல் நடுவில் பிடியுங்கள். ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்துப் பேசுங்கள், அல்லது காதுக்கருவி மாட்டுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இவை.

உறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக், சிலிக்கோன், தோல் உறைகளால் பெரிய கெடுதல் இல்லை. அலுமினியச் சட்டம், காடியில் காந்தத்தில் ஒட்டவைக்கும் இரும்புத் தகடு, விரல் நுழைக்கும் உலோக வளையம், பளபளக்கும் உலோகப் பூச்சு ஆகியவை ஆன்டெனாவுக்குமுன் சுவர் எழுப்புவதற்குச் சமம். பேராக் அம்மாவின் போனில் முதலில் கழற்றப்பட்டது அந்த வளையம் வைத்த உறைதான். கழற்றியதுமே அடுப்படியில் எண் சற்று ஏறியது. போதவில்லை, ஆனால் ஏறியது.

வீடும் ஒரு போர்வைதான்

தகரக் கூரை, அதன் அடியில் வெப்பம் தடுக்க விரிக்கும் அலுமினியத் தாள், இரும்புக் கம்பி நிறைந்த கான்கிரீட் சுவர், காடிக் கண்ணாடியில் ஒட்டும் உலோகக் கலப்புள்ள கறுப்புத் தாள்: இவை ஒவ்வொன்றும் சிக்னலைத் திருப்பி அனுப்பும். புதிதாகக் கட்டிய தாமான் வீட்டில் வாசலில் நான்கு கோடும் அறைக்குள் ஒரு கோடும் இருப்பதன் காரணம் இதுதான். மழை பெய்தால் லைன் போகிறது என்று பலர் சொல்வார்கள். இந்த அலைவரிசைகளில் மழைத்துளி செய்யும் கெடுதல் மிகக் குறைவு. நனைந்த இலைகள்தான் அலையை உறிஞ்சுகின்றன. சுற்றிலும் மரம் நிற்கும் வீட்டுக்கு அது வித்தியாசம் காட்டும்.

ஆகவே புது போன் வாங்கும் முன், போனைவிட முதலில் சோதிக்க வேண்டியது உங்கள் வீட்டில் எந்த நிறுவனத்தின் சிக்னல் வலுவாக இருக்கிறது என்பதை. விருந்துக்கு வரும் உறவினர்களின் போன்களில் வெவ்வேறு நிறுவன சிம்கள் இருக்கும். அவர்களை அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் அழைத்துப்போய் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முன்பணச் சிம் ஒன்று பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதை வாங்கி ஒரு வாரம் சோதித்துவிட்டு மாறினால் நட்டம் இல்லை. எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம். இதில் ஒரு கவனம் தேவை: மலிவு விலைச் சேவை நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது, பெரிய நிறுவனத்தின் வலையைத்தான் வாடகைக்கு எடுக்கின்றன. ஒரே வலையில் ஓடும் இரண்டு பெயர்களுக்கு மாறி மாறித் திரிந்தால் சிக்னல் மாறாது.

தோட்டப்புறத்தில் வசிப்பவர்களுக்கும், லோரி ஓட்டுநர்களுக்கும், வெளியூர் வேலைக்கு அலைபவர்களுக்கும், கேமராவைவிட முக்கியமானது இரண்டு சிம் போடும் வசதி. வெவ்வேறு வலையில் ஓடும் இரண்டு சிம்கள் இருந்தால், ஒன்று கைவிடும் இடத்தில் மற்றது பேசும்.

வீட்டில் நிலையான இணைய இணைப்பு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. வைஃபை அழைப்பு வசதியைத் திறந்துவிட்டால், கோபுரமே எட்டாத அறையிலும் வழக்கமான எண்ணிலேயே வழக்கமான அழைப்பு வரும். வாட்ஸ்அப் போல இரு பக்கமும் செயலி தேவையில்லை. இதற்கும் போன் மாதிரியை நிறுவனம் அனுமதித்திருக்க வேண்டும், ஏ.பி. செட்டில் பெரும்பாலும் இங்கேயும் கதவு மூடியிருக்கும்.

சிக்னல் பெருக்கி என்று இணையத்தில் நூறு இருநூறு வெள்ளிக்கு விற்கும் பெட்டிகளை மட்டும் தொடவே வேண்டாம். அனுமதி பெறாத பெருக்கியைப் பொருத்துவது மலேசியாவில் சட்டப்படி குற்றம். அது உங்கள் வீட்டில் கோட்டை ஏற்றிவிட்டு, கோபுரத்தின் காதில் இரைச்சலைக் கொட்டும். பக்கத்து வீடுகள் அத்தனையும் லைன் இழக்கும். போனின் பின்னால் ஒட்டும் தங்க நிற 'ஆன்டெனா ஸ்டிக்கர்' வெறும் ஏமாற்று.

போன் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம், சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தின் மேல் ஏறி இரவு தங்கிய காணொளி நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி சேவையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை 2022 இறுதிக்கான இலக்காக வைத்தது. 'மக்கள் வாழும் பகுதிகளில்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். நிலப்பரப்பு அல்ல அது. தோட்டத்துக்குள் போகும் மண் சாலையும், ஐம்பது வீடுகள் கொண்ட லயமும் மீதி விழுக்காட்டுக்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

ஆகவே புகார் கொடுப்பது முக்கியம். "எங்க ஏரியாவில லைன் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் பதிலும் ஒரு வரிதான் வரும். வீட்டு முகவரி, வரைபடத்தில் இடத்தின் குறிப்பு, எந்த நேரத்தில் எந்த அறையில் எத்தனை டி.பி.எம்., போன் மாதிரி, அந்தத் திரையின் படம் இவற்றைச் சேர்த்து முதலில் நிறுவனத்துக்கு அனுப்பி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணோடு எம்.சி.எம்.சி. எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம். ஒரே லயத்தில் இருபது வீடுகள் தனித்தனியாக எழுதினால் அதன் கனம் வேறு.

அவசர அழைப்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் சுத்தமாக இல்லாத இடத்திலும், வேறு எந்த நிறுவனத்தின் சிக்னலாவது இருந்தால் போன் அதன் வழியாக 999 அல்லது 112 எண்ணை அழைக்கும். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று தெரிவதன் பொருள் அதுதான். அன்று இரவு கோயில் படிக்கு ஓடிய அம்மாவுக்கு இது யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இங்கும் போன் தேர்வு குறுக்கே வரும். ஆஸ்திரேலியாவில் 2024-இல் 3ஜி மூடப்பட்டபோது, சாதாரண அழைப்பை 4ஜியில் எடுத்த சில போன்கள் அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடி நின்றன என்று கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் போன்களை வலையிலிருந்தே நீக்கினார்கள். அவற்றில் பல வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரானவை.

பேராக் மகன் கடைசியில் என்ன செய்தார்? ஏ.பி. செட்டைத் தாமே எடுத்துக்கொண்டார். ஷா ஆலமில் அது குறையில்லாமல் வேலை செய்கிறது. அம்மாவுக்கு உள்நாட்டு அங்கீகார முத்திரை உள்ள, அதைவிட விலை குறைந்த போனை வாங்கினார். பேண்ட் 8 இருக்கிறதா, அம்மாவின் நிறுவனத்தில் வோல்டி இயங்குமா என்று கடையிலேயே சிம்மைப் போட்டு, அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார். இரண்டாவது சிம்மாக, பக்கத்து வீட்டுக்காரர் பயன்படுத்தும் நிறுவனத்தின் முன்பண அட்டை. மென்மையான ரப்பர் உறை. அடுப்படிச் சன்னலோரத்தில், எண் கழித்தல் 101 காட்டிய இடத்தில், சுவரில் ஒரு சின்னப் பலகை அடித்துக் கொடுத்தார். போனின் இடம் இப்போது அந்தப் பலகை. அப்பாவின் மூச்சுக் குழாய் மருந்தும் அதே பலகையில்தான் இருக்கிறது.